திரையிடும் உரிமை
விலைக்கு வாங்கிய குறுந்தகடு ஒரு திரைப்படத்தை வீட்டில் பார்ப்பதற்கான அனுமதியை மட்டுமே தருகிறது. அதையே நூலகத்திலோ ஊர்த்திடலிலோ பலர் கூடிக் காணத் திரையிடுவது, 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, பொதுமக்களுக்குத் தெரிவித்தல் எனப்படும் தனி உரிமையாகும். இலவசக் காட்சி என்பதனாலேயே அனுமதி பெறும் கடமை நீங்கிவிடாது. ஆகவே திரைப்படச் சங்கம் ஒன்று, தயாரிப்பாளரிடமோ அவரிடமிருந்து அவ்வுரிமையைப் பெற்றவரிடமோ, இடமும் நாளும் காட்சிகளின் எண்ணிக்கையும் குறித்த எழுத்துவடிவ உரிமத்தை, அதாவது வரையறைக்குட்பட்ட அனுமதியை, முன்னதாகவே பெறுவது நன்று. தணிக்கைச் சான்றிதழ் 1952-ஆம் ஆண்டின் வேறொரு சட்டத்தைச் சார்ந்ததாதலின் இதற்கு ஈடாகாது. கல்வி நிலையம் தன் பணியின் பகுதியாக மாணவர், ஆசிரியர், பெற்றோர் முதலிய தன் வட்டத்தினருக்கு மட்டும் காட்டுவதற்குச் சட்டம் நியாயமாகவே விலக்களிக்கிறது. படம் வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள் நீடிக்கும் இவ்வுரிமை, நிறுவனங்கள் மூடப்பட்டும் வாரிசுகளிடையே பிரிந்தும் கைமாறிவிடுவதால், பழம்படங்களின் உரியவரைக் கண்டறிவதே சிறு சங்கங்களுக்குப் பெருஞ்சுமையாகிறது.