குஷால்



தில்லித் தமிழர்களுக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்டைச் சொல்லித்தர வேண்டாம். தில்லி ஹாட்டுக்கு எதிரே, முருங்கைக்காயும் வாழையிலையும் மீனும் கிடைக்கிற இடம். அரைகுறை இந்தியை வைத்துக்கொண்டே அங்கே காய் வாங்கி வந்துவிடலாம். ஆனால் நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சொல் அங்கே காலை வாரிவிடும். அதுதான் குஷால்.

வேலைவெட்டி இல்லாமல், தலையைச் சீவிக்கொண்டு சினிமாவுக்குக் கிளம்பும் பிள்ளையை நம் பெரியவர்கள் "ரொம்பக் குஷாலாத் திரியறான்" என்பார்கள். கையில் காசு இருக்க வேண்டியதில்லை. கழுத்துவரை கடன் இருந்தாலும் சரி. 'குஷால் பேர்வழி' என்னும்போது அதில் கொஞ்சம் கண்டிப்பு, கொஞ்சம் பொறாமை. அதே பிள்ளையை மார்க்கெட் கடைக்காரரிடம் 'குஷ்ஹால்' என்று அறிமுகப்படுத்திப் பாருங்கள். வசதியான வீட்டுப் பையன் என்று நினைத்து விலையை ஏற்றிவிடுவார்! இந்தியில் அது செழிப்பைச் சொல்லும் சொல். விளைச்சலும் வருமானமும் நன்றாக இருந்தால்தான் விவசாயி குஷ்ஹால்.

சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. 'குஷ்' என்றால் இனிய, 'ஹால்' என்றால் நிலை. இன்றைக்கும் ஈரானில் ஒருவரைப் பார்த்ததில் மகிழ்ச்சி என்று சொல்ல இந்தச் சொல்தான். செழிப்பு அங்கே பேச்சில்லை. ஆக, இந்த ஒரு சொல்லில் தில்லியைவிட நாம்தான் ஈரானுக்குப் பக்கம்.

நவாபு காலத்து அரசாங்கக் கச்சேரிகளும் படைகளும் நமக்குத் தந்தவை பெரும்பாலும் வசூல், ஜாமீன், ஜப்தி என்று வயிற்றைக் கலக்கும் சொற்கள். அந்தக் கூட்டத்தோடு குஷியும் குஷாலும் ஜோரும் எப்படியோ உள்ளே நுழைந்துவிட்டன. ஜோர் என்றால் இந்தியில் பலம். நமக்கோ சாப்பாடுகூட ஜோர்தான். குசலம் விசாரிக்கிறோமே, அந்தக் குசலம் வேறு, அது சமஸ்கிருதம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இப்போது எல்லாவற்றுக்கும் 'ஜாலி' வந்துவிட்டது. ஜாலியாக இருப்பவனை யாரும் கண்டிப்பதில்லை. அதனாலேயே எனக்கு அந்தச் சொல் சப்பென்று இருக்கிறது. திட்டிக்கொண்டே ரசிப்பதற்குக் குஷால்தான் சரி. உங்கள் வீட்டில் யாரைக் குஷால் பேர்வழி என்கிறீர்கள்?