ஒரு பட்டாளக் கதையின் மூன்று உருவங்கள்



புகழ்பெற்ற பழைய சினிமாப் படம் ஒன்றை டெலிவிஷனுக்காகத் தொடராக மறுபடியும் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் நம்மில் பலர் முகம் சுளிக்கிறோம். இருந்ததைக் கெடுக்கப் போகிறார்கள் என்பதே முதலில் எழும் எண்ணம். அந்த எண்ணம் எந்த அளவுக்கு நியாயமானது என்பதை ஓர் அமெரிக்க யுத்தகாலக் கதையைக் கொண்டு இன்று ஆராயலாம்.

கதையின் பெயர் 'பிரம் ஹியர் டு இட்டர்னிட்டி'. 'இங்கிருந்து நித்தியம் வரை' என்று தமிழில் கூறலாம். மொழிபெயர்ப்பையே ஜீவனோபாயமாகக் கொண்ட நமக்கு இது முழுத் திருப்தி அளிக்கவில்லை. எனினும் 'என்றென்றைக்கும்' என்று போட்டால், 'இங்கிருந்து' என்ற சொல்லின் கனம் போய்விடுகிறது. பம்பாயில் பிறந்த கிப்ளிங்கின் பட்டாளப் பாட்டு ஒன்றிலிருந்து நாவலாசிரியர் இத்தலைப்பை எடுத்தார்.

நாவலாசிரியர் ஜேம்ஸ் ஜோன்ஸ் தாமே ஒரு சிப்பாய். 1941 டிசம்பர் 7-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலையில், ஜப்பானிய விமானங்கள் ஹவாயில் உள்ள பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியபோது அவர் அதே தீவில் ஸ்கோபீல்டு பாசறையில் இருந்தார். அவரது நாவல் 1951-இல் வெளிவந்தது. எண்ணூறு பக்கங்களுக்கு மேற்பட்டது. ஆனால் அது போரைப் பற்றிய நாவலன்று. குண்டுகள் விழுவது முடிவுக்குச் சற்று முன்னர்தான். அதுவரையில் கதை முழுவதும் அமைதிக் காலத்துப் பாசறையிலேயே நடக்கிறது.

பிரூவிட் என்னும் சிப்பாய் பியூகிள் ஊதுவதில் வல்லவன், குத்துச்சண்டையிலும் தேர்ந்தவன். நண்பன் ஒருவனுடன் பயிற்சிக்காகச் சண்டையிட்டபோது தன் குத்தினால் அவன் கண்பார்வையை இழந்துவிட்டான் என்பதால், இனிச் சண்டையிடுவதில்லை என்று விரதம் பூண்டிருக்கிறான். படைப்பிரிவின் தலைவனான காப்டன் ஹோம்ஸுக்கோ குத்துச்சண்டைக் கோப்பை வேண்டும்; கோப்பை கிடைத்தால் பதவி உயரும். எனவே பிரூவிட்டை வழிக்குக் கொண்டுவர, விதிகளுக்கு உட்பட்டதுபோல் தோன்றும் சித்திரவதை ஆரம்பமாகிறது. ஓயாத தண்டனை அணிவகுப்பு, குழி தோண்டும் வேலை, சிறு தவறுக்கும் பெரிய புகார். பாசறையை உண்மையில் நடத்துபவரோ தலைமை சார்ஜெண்டு வார்டன். அவர் காப்டனின் மனைவி காரனைக் காதலிக்கிறார்.

அலுவலகத்தில் ஒரு முறையேனும் பணியாற்றியவர்களுக்கு ஹோம்ஸை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கோப்பில் கையொப்பம் மட்டும் இடும் அதிகாரியும், வேலை முழுவதையும் தாங்கும் தலைமை எழுத்தரும் எந்த ஊரிலும் உண்டு. அம்பாலாவிலோ ஜபல்பூரிலோ கண்டோன்மெண்டை ஒட்டிக் குடியிருக்கும் நேயர்கள் பியூகிளின் ஓசையையும் அறிந்திருப்பார்கள்.

1953-இல் பிரெட் ஜின்னமன் இதைத் திரைப்படமாக இயக்கினார். பர்ட் லங்காஸ்டர், மாண்ட்கோமரி கிளிப்ட், டெபோரா கெர், பிராங்க் சினாட்ரா, டானா ரீட் ஆகியோர் நடித்த அப்படம் எட்டு ஆஸ்கார் பரிசுகளைப் பெற்றது. கடலலை மோதும் கரையில் காதலர் இருவர் கிடக்கும் காட்சியைப் படத்தைப் பாராதவர்களும் அறிவார்கள். ஆனால் நம் கவனம் வேறொன்றில் செல்கிறது.

படப்பிடிப்புக்கு ஸ்கோபீல்டு பாசறை வேண்டியிருந்தது. அதற்கு ராணுவத்தின் அனுமதி வேண்டும். அனுமதிக்கு விலை இருந்தது. நாவலில் காப்டன் ஹோம்ஸ் தண்டனை ஏதும் பெறாமல் மேஜராகப் பதவி உயர்வு பெறுகிறான். படத்திலோ மேலதிகாரிகள் உண்மையைக் கண்டறிந்து அவனை ராஜிநாமா செய்ய வைக்கிறார்கள்! ராணுவம் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் என்று காட்டுவதற்காகச் செய்த மாற்றம் இது. படத்திலேயே மட்டமான இடம் இதுதான் என்று ஜின்னமனே பிற்காலத்தில் எழுதினார். மேலும் நாவலில் விலைமாதர் இல்லமாக இருந்தது படத்தில் 'கிளப்' ஆயிற்று. நாவலில் காரன் தாய்மையை இழந்ததற்குக் காரணம் கணவனிடமிருந்து தொற்றிய நோய். படத்தில் அது கணவனின் அசட்டையால் நேர்ந்த குழந்தைச் சாவாக மாறியது.

'கடுமையாக இருக்கிறது, வேறு சொல் போடுங்கள்' என்ற குறிப்போடு மேஜைக்குத் திரும்பி வரும் தாள்களை நாமும் பார்த்திருக்கிறோம். சொல் மாறினால் பொருளும் மெல்ல நகர்ந்து வேறிடத்தில் அமர்ந்துவிடும். ஹோம்ஸின் ராஜிநாமா அப்படிப்பட்ட நகர்வு. ஒருவன் கெட்டவன் என்று முடிந்தால் அமைப்பு தப்பித்துக்கொள்கிறது. கெட்டவனே உயர்ந்தான் என்று முடிந்தால் அமைப்பும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

1979 பிப்ரவரியில் என்.பி.சி. நிறுவனம் இக்கதையை மூன்று பகுதிகளாக டெலிவிஷனில் ஒளிபரப்பியது. இயக்கியவர் பஸ் குலிக். வார்டனாக வில்லியம் டிவேன், பிரூவிட்டாக ஸ்டீவ் ரெயில்ஸ்பேக், காரனாக நாட்டலி வுட் நடித்தனர். நாட்டலி வுட்டுக்கு இதற்காகக் கோல்டன் குளோப் பரிசு கிடைத்தது. 1977-இல் காலமான ஜோன்ஸ் இதைக் காண இருக்கவில்லை.

இரண்டு மணி நேரத்துக்குள் அடைத்த எண்ணூறு பக்கங்களுக்கு இங்கே மூன்று மாலைகள் கிடைத்தன. பாசறை வாழ்வில் உண்மையான வில்லன் சலிப்பு. சலிப்பைக் காட்டக் காலம் வேண்டும், அந்தக் காலம் தொடருக்கு வாய்த்தது. 1953-இல் கிளப்பில் உபசரிப்பவளாக வந்த லொரீன் இங்கே விலைமாது என்றே அறியப்படுகிறாள். அப்பாத்திரத்தை ஏற்றவர் அப்போது அதிகம் அறியப்படாத கிம் பேசிங்கர்.

இருந்தும் நம் மனத்தில் நிற்பது பழைய படம்தான். படத்தில் ராணுவச் சிறையில் மாஜியோவை அடிப்பதை நாம் பார்ப்பதில்லை. தடியோடு காத்திருக்கும் காவலனின் முகத்தைப் பார்க்கிறோம். பிறகு சாகும் மாஜியோவைப் பார்க்கிறோம். பிரூவிட் இரவில் கண்ணீர் வழிய பியூகிள் ஊதுகிறான். காட்டத் தடையிருந்த இடத்தில் காட்டாமலே உணர்த்த வேண்டிய நிர்ப்பந்தம் ஜின்னமனுக்கு இருந்தது. அந்த நிர்ப்பந்தமே அவ்விடத்தில் பலமாயிற்று. ஹோம்ஸ் விஷயத்தில் கெடுத்ததும் அதே நிர்ப்பந்தம்தான் என்பதை மறுப்பதற்கில்லை. 1980-இல் என்.பி.சி. இத்தொடரைத் தாக்குதலுக்குப் பிந்தைய காலத்துக்கும் நீட்டிப் பார்த்தது. பிரூவிட் இல்லாத பாசறையில் சொல்ல என்ன இருக்கிறது? அது நீடிக்கவில்லை.

இனி மூலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. படத்தையும் தொடரையும் நாவலோடு ஒப்பிட்டு, இது குறைந்தது, அது மாறியது என்று கணக்கெழுதினோமே, அந்த நாவலும் 1951-இல் முழுமையாக வரவில்லை. சிப்பாய்களின் கொச்சை மொழியில் ஒரு பகுதியையும், அவர்களில் சிலர் ஆண்களோடு கொண்ட உறவைப் பேசும் இடங்களையும் பதிப்பாளர் நீக்கச் சொன்னார். ஜோன்ஸ் மனமில்லாமலே இணங்கினார். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு, 2011-இல்தான், நீக்கப்பட்டவை சேர்ந்த பதிப்பு வெளிவந்தது.

இக்கதையை அறிய விரும்பும் நேயர்கள் 2011-ஆம் ஆண்டுப் பதிப்பையே தேடிப் படிப்பது நல்லது. ஆங்கிலம் சற்றுக் கரடுமுரடானது; அவசரம் வேண்டாம். அதை முடித்த பிறகு பழைய படத்தைப் பார்க்கலாம், அதன் பின்னர் தொடரை. வரிசை மாறினால், ஹோம்ஸ் மேஜராகும் இடத்தில் உங்களுக்கு வர வேண்டிய கோபம் வராமல் போகக்கூடும்.