வைத்தியர் பதிவேடும் நமது கடமையும்

(வல்லத்திராக்கோட்டையில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உயிரைவிட அரிய பொருள் யாதுளது? அதனை ஒருவர் கையில் ஒப்புவிக்குங்கால், அவர் யாவர், எங்குக் கற்றவர் என்று நாம் வினவுவதில்லை. மாடு கொள்ளுங்கால் பல்லைப் பிடித்துப் பார்க்கின்றோம். ஊசி போடுவோரிடம் ஒன்றுங் கேளாது கையை நீட்டுகின்றோம்.

இக்குறை நீங்குதற்கென்றே வைத்தியர் பதிவேடு ஏற்பட்டது. இங்கிலாந்தில் 1858இலும் சென்னை மாகாணத்தில் 1914இலும் இதற்குச் சட்டம் பிறந்தது. அந்நாளில் தனியரசாயிருந்த நமது புதுக்கோட்டை 1948இல் அம்மாகாணத்தோடு இணைந்த பின், நாமும் அவ்வேற்பாட்டினுள் வந்தோம். இன்று ஆங்கில முறை வைத்தியரைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவு செய்கின்றது. அதற்கு மேல் 2020 முதல் தேசிய மருத்துவ ஆணையம் உளது. பதிவு பெறாதார் அவ்வைத்தியம் செய்யின், ஓராண்டு வரை சிறையோ, ஐந்து இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாமென 2019ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது.

பதிவு பெற்றாரும் பிழை செய்தல் கூடும். தீங்குற்றோர் கவுன்சிலுக்கு எழுத்து மூலம் முறையிடலாம். அது வைத்தியரையும் விசாரித்து, குற்றங் காணின் எச்சரிக்கலாம். அவர் பெயரைச் சிலகாலத்துக்கோ என்றைக்குமோ நீக்கலாம். நஷ்டஈடு வாங்கித் தருதல் அதன் வேலையன்று. கட்டணம் பெற்றுச் செய்த சிகிச்சைக்கு நுகர்வோர் மன்றத்தை நாடலாமென 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வைத்தியரை வைத்தியரே விசாரித்தால் நீதி கிடைக்குமோ எனச் சிலர் அஞ்சுகின்றனர். வைத்தியத்தின் பிழையை அந்நுட்பம் கற்றாரே நன்கறிவர் என்பது மெய். எனினும், கவுன்சில் முடிவின்மேல் மேல்முறையீடு செய்யும் உரிமையை 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30ஆம் பிரிவு வைத்தியருக்கு வெளிப்படக் கூறி, நோயாளியைக் கூறாதொழிந்தது. இது திருத்தப்படல் வேண்டுமென்பது எமது துணிபு.

அதுவரை, விதியென்று வாளாவிருத்தலும் தகாது. ஆஸ்பத்திரிக் கதவை உடைத்தலும் தகாது. வைத்தியரின் பதிவெண் மருந்துச்சீட்டிலும் சிகிச்சையிடத்திலும் காணப்படவேண்டுமென்பது ஒழுங்கு. அதனை முதற்கண் நோக்குவீராக. உள்நோயாளியின் சிகிச்சைக் குறிப்புக்களைக் கேட்டால் 72 மணி நேரத்துள் தரவேண்டும். மூன்றாண்டு வரையே அவற்றைக் காக்குங் கடமை உண்டாதலின், காலந்தாழ்த்தாது கேட்பீராக. நமது சங்கத்துப் படித்த இளைஞர், எழுத இயலாதார்க்கு முறையீடு எழுதித் தருவாராக. இதனால் நல்ல வைத்தியருக்கு யாதொரு குறையுமில்லை. அவரது நற்பெயரைக் காப்பதும் அப்பதிவேடேயாம்.