கட்டியை மறைக்காதீங்க, ஊசிக்குப் பயப்படாதீங்க

(ஸ்ரீரங்கம் பகுதிக் குழுக்களின் கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



இன்னைக்குக் கடன், வட்டி, வங்கி இணைப்பு எதுவும் பேசப் போறதில்லை. நம்ம வாயையும் தாடையையும் பத்திப் பேசப் போறோம். அதுக்கு ஒரு காரணம் இருக்கு.

நம்ம குழு ஒன்றில் பூக்கட்டுகிற அக்கா ஒருத்தர் இருக்காங்க. அவங்களுக்குத் தாடைக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. மூணு மாசமா முந்தானையால மூடிக்கிட்டே கூட்டத்துக்கு வந்திருக்காங்க. "பல் வலியில வந்த நெறி, தானா வத்திடும்"னு மஞ்சள் பத்துப் போட்டாங்க. அப்புறம் "வைகுண்ட ஏகாதசி முடியட்டும், அப்பதான் நாலு காசு பார்க்க முடியும்"னாங்க. பிறகு பொங்கல் முடியட்டும்னாங்க. மாதாமாதம் அந்தக் குழுவுக்குப் போன நாங்களும் பாஸ்புக்கைத்தான் பார்த்தோம். அந்த அக்கா முகத்தைப் பார்க்கலை. இது எங்க தப்பு.

உட்கார்ந்து பேசினப்பதான் உண்மையான காரணம் வந்தது. "புத்துநோயா இருந்தா என்ன பண்றது? ஊசி குத்தினா அது உடம்பெல்லாம் பரவிடும்னு சொல்றாங்களே?"

இந்தப் பயம் அந்த அக்காவுக்கு மட்டும் இல்லை. அதனால அந்த ஊசி டெஸ்ட் என்ன என்பதை எல்லோரும் தெரிஞ்சுக்குவோம்.

டாக்டர் சீட்டில் "எஃப்.என்.ஏ.சி." என்று எழுதியிருப்பார். மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் விட்டு, அதிலுள்ள செல்களை உறிஞ்சி எடுத்துப் பார்க்கும் பரிசோதனை. ரத்தம் எடுக்கிற ஊசி அளவுதான் இருக்கும், சில நேரம் அதைவிட மெல்லிசாவும் இருக்கும். பொதுவா மயக்க மருந்து கிடையாது, தையல் கிடையாது, படுக்கையில் சேர வேண்டியதில்லை. தேவைப்பட்டால் இரண்டு மூன்று தடவை குத்துவார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். பிறகு பஞ்சு வைத்து அழுத்திப் பிடிக்கச் சொல்வார்கள். லேசான வலியோ, கன்னிப் போனதோ இருந்தால் இரண்டொரு நாளில் சரியாகிவிடும்.

எடுத்ததைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். கட்டி வெளியில் ஒரே மாதிரி தெரியலாம். உள்ளே அது சீழா, காசநோயா, சாதாரணக் கட்டியா, புற்றுநோயா என்று செல்லைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அரிசி மூட்டையை வாங்கும்போது நாம குத்தூசியை விட்டு நாலு அரிசி எடுத்துப் பார்க்கிறோமில்லையா, அது மாதிரிதான்.

இது புதுசா வந்த டெஸ்ட்டும் இல்லை. கட்டியை ஊசியால் உறிஞ்சிப் பார்க்கும் முறையை நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் செய்து 1930-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பிறகு ஸ்வீடன் நாட்டு மருத்துவர்கள் மெல்லிய ஊசியை வைத்து இதை நல்லா வளர்த்தெடுத்தார்கள்.

ஊசி குத்தினால் பரவுமா? இந்த மெல்லிய ஊசியால் பரவுவது மிக மிக அரிது. பயந்துகொண்டு மாசக்கணக்கில் தள்ளிப்போடும்போது நோய் வளர்கிறதே, ஆபத்து அதில்தான் இருக்கு.

ஆனால் எல்லாத்துக்கும் இந்த ஊசி இல்லை. இதைக் கவனமா கேளுங்க:

1. தாடைக்குக் கீழே, கழுத்தில் வரும் நெறிகட்டி: இதற்கு ஊசி டெஸ்ட் ரொம்பப் பயன்படும்.

2. காதுக்கு முன்னாடி, காது மடலுக்குக் கீழே வரும் வீக்கம்: அங்கே எச்சில் சுரப்பி இருக்கிறது. இதற்கும் பெரும்பாலும் ஊசி டெஸ்ட்தான் முதலில் செய்வார்கள்.

3. தாடை எலும்புக்குள் வரும் வீக்கம்: முதலில் எக்ஸ்ரே. எலும்பு கெட்டியா இருந்தால் ஊசி இறங்காது. எலும்பு மெலிஞ்சு உள்ளே நீர்க்கட்டி இருந்தால், ஊசியால் நீரை எடுத்துப் பார்ப்பார்கள்.

4. வாய்க்குள் ஆறாத புண், வெள்ளைப் படை, சிவப்புப் படை: இதற்கு ஊசி போதாது. மரத்துப்போக ஊசி போட்டு, துளி சதை எடுத்துப் பார்ப்பார்கள். அதுதான் பயாப்சி.

இன்னொரு விஷயம். ஊசி டெஸ்டில் "ஒன்றும் இல்லை" என்று வந்தாலும் கட்டி கரையவில்லை, பெரிசாகுதுன்னா திரும்பப் போங்க. சில நேரம் ஊசியில் சரியான செல் வந்திருக்காது. மறுபடி எடுக்கணும், இல்லைன்னா பயாப்சி பண்ணணும்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். கட்டி துடிக்கிற மாதிரி இருந்தாலும் சொல்லுங்கள்.

அந்த அக்காவைக் கூட்டிக்கிட்டு, காவிரிப் பாலம் தாண்டி புத்தூர் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். அது மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை. ஊசி டெஸ்ட் எடுத்தாங்க. காசநோய்க் கட்டி என்று ரிசல்ட் வந்தது. அரசு ஆஸ்பத்திரியில் ஆறு மாசம் இலவச மாத்திரை. கட்டி கரைஞ்சு போச்சு. "இதுக்கா ராத்திரி ராத்திரி அழுதேன்"னாங்க.

எல்லோருக்கும் அப்படி முடியறதில்லை. இன்னொரு குழுவில் வயசான அம்மா ஒருத்தருக்கும் கழுத்தில் இதே மாதிரி கட்டி. ஊசியில் புற்றுநோய் என்று வந்தது. கன்னத்துக்குள்ளே புகையிலை அடக்குற இடத்தில் புண் இருந்தது. ஆறு மாசமா யாருக்கும் காட்டலை. ஆபரேஷன் ஆகி, கரண்ட் வைத்து, இப்போ கஞ்சி குடிக்கிறாங்க. "புண்ணா இருந்தப்பவே வந்திருந்தா வைத்தியம் சின்னதா முடிஞ்சிருக்கும்"னு டாக்டர் சொன்னார்.

வெத்தலையோட புகையிலை போடுகிறவர்கள் விட்டுடணும். "நான் வெறும் பாக்குதான் போடுறேன்"னு சொல்லாதீங்க. பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ல் வெளியிட்ட நூலிலேயே சொல்லியிருக்கிறது.

நம்ம பக்கத்து புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்தை மனசில் வைத்துத்தான் 1954-ல் சென்னை அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கப் பாடுபட்டார். நாம ஆஸ்பத்திரி கட்ட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்காவைப் பார்த்தால் போதும்.

ஒவ்வொரு குழுவும் இந்த மாசமே தீர்மான நோட்டில் மூணு விஷயம் எழுதுங்க:

ஒன்று, மாதம் ஒருமுறை வீட்டில் பகல் வெளிச்சத்தில் கண்ணாடி பார்த்து, கன்னம், நாக்கு, நாக்குக்கு அடி, ஈறு எல்லாம் பார்க்கணும். மூணு விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வாய்க்குள் விட முடிகிறதா என்றும் பார்க்கணும்.

இரண்டு, புண்ணோ கட்டியோ இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால், காரணமில்லாமல் பல் ஆடினால், வாய் திறக்க முடியாமல் போனால், ஆஸ்பத்திரி போகணும். பஸ் செலவுக்கும், ஒரு நாள் கூலிக்கும் குழுவிலிருந்து உள்கடன் உடனே கொடுக்கணும்.

மூன்று, தனியா அனுப்பக் கூடாது. ஒருத்தர் கூடப் போகணும். ஆதார், ரேஷன் கார்டு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்துக்கிட்டுப் போகணும். ரிசல்ட் சீட்டை வாங்கி, அதை டாக்டரிடம் காட்டிய பிறகுதான் வீட்டுக்குத் திரும்பணும். நிறைய பேர் டெஸ்ட் எடுத்துட்டு, பயத்தில் ரிசல்ட் வாங்கவே போறதில்லை.

கடன் தவணை ஒரு நாள் தள்ளினா நாலு பேர் வீட்டுக்கு வந்து கேட்கிறோம். கட்டியோட ஒருத்தர் மூணு மாசம் தள்ளும்போதும் அந்த நாலு பேரும் போய்க் கேட்கணும்.