வானத்துப் படமும் ஊர்க் கண்மாயும்

(பேரையூரில் நடந்த பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



"மேல இருந்து படம் எடுத்தா வெள்ளம் தெரிஞ்சிடுமே, அப்புறம் ஏன் சனங்க மொட்டை மாடியில நின்னு தவிக்கிறாங்க?" என்று பந்தியில் ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. மழை நாளில் சாதாரணக் கேமிராவுக்கு மேகத்தின் முதுகுதான் தெரியும்.

அதற்குத்தான் ரேடார். தானே நுண்ணலையை அனுப்பி, திரும்பி வருவதை அளக்கும். மேகமோ இருட்டோ தடையில்லை. அசையாத தண்ணீர் கண்ணாடி மாதிரி அலையை மறுபக்கம் தள்ளிவிடுவதால் வெள்ளம் படத்தில் கறுப்பாக விழும். இஸ்ரோ 2012-இல் ஏவிய ரிசாட்-1, 2022-இல் ஏவிய இ.ஓ.எஸ்-04, ஐரோப்பாவின் சென்டினல்-1 எல்லாம் இந்த வகை. ஐதராபாத் தேசிய தொலையுணர்வு மையம் இத்தகைய படங்களைக் கொண்டு வெள்ள வரைபடம் தயாரிக்கிறது.

ஆனால் இந்தக் கோள்கள் நம் தலைக்கு மேலேயே நிற்பவை அல்ல. ஒரு சென்டினல் அதே பாதைக்குத் திரும்ப 12 நாள் ஆகும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியதே, அந்த மழை யாருக்காகக் காத்திருந்தது? நகரத்தில் வேறு தொல்லை. சுவரும் தண்ணீரும் சேர்ந்து அலையைத் திருப்பி அடிப்பதால், மூழ்கிய தெரு கறுப்பாகத் தெரியாமல் பளிச்சென்று தெரியும். 2015 சென்னை வெள்ளத்தில் மூழ்கிய தெருக்களைச் சனங்களே ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் குறித்தார்கள்.

இனி நம்ம ஊர் விஷயம். கண்மாயும் படத்தில் கறுப்புதான். ஆகவே முந்தைய படத்தோடு ஒப்பிட்டு, வழக்கமாக நீர் நிற்கும் இடத்தைக் கழிப்பார்கள். நம் பக்கத்துக் கண்மாய்களோ பல மாதம் காய்ந்து, சீமைக்கருவேல் மண்டிக் கிடப்பவை. வறண்ட மாதத்துப் படத்தை வைத்துக் கழித்தால், கண்மாய் பெருகியதையே வெள்ளம் என்று கணினி சொல்லிவிடும். அது வெள்ளமில்லை ஐயா, அது நம்ம சோறு! கருவேலுக்கு அடியில் நிற்கும் தண்ணீரோ, குறுகிய அலைக்குப் பெரும்பாலும் தட்டுப்படாது. 2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நைசாரின் நீண்ட அலை இலைதழையைத் தாண்டும் என்பது ஒரு ஆறுதல்.

சாப்டூர் மலையில் மழை விழுந்தால் எந்த ஓடை முதலில் வரும், எந்தக் கலுங்கில் மறுகால் பாயும், கரை உடைந்தால் எந்தத் தெருவுக்குள் தண்ணீர் நுழையும்? ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். ஐதராபாத் கணினிக்கு நாம் சொன்னால்தான் தெரியும். நம் சங்கத்தில் சர்வேயர் இருக்கிறார், ஓய்வுபெற்ற வி.ஏ.ஓ. இருக்கிறார், பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் இருக்கிறார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் கைபேசி ஜி.பி.எஸ்.ஸோடு கரை கரையாக நடந்து கலுங்கு, மடை, வரத்துக்கால், தாழ்ந்த தெரு எல்லாவற்றையும் குறித்துத் தாலுகா ஆபீசில் கொடுப்போம். வர விரும்புவோர் சாப்பாட்டுக்கு முன் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். செருப்பு கெட்டியாக இருக்கட்டும், கருவேல முள் பொல்லாதது.