வெளிநாட்டில் கைச்செலவுப் பணம்: வட்டம் எங்கே போகிறது?

(நம் குடியிருப்பின் மூத்தோர் மாலைச் சந்திப்பில் பி பிளாக் அன்பர் ஒருவர் பேசியது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் கொஞ்சம் முன்னால் வந்துவிடுங்கள். ஃபேன் சத்தத்தில் நான் பேசுவது கேட்காது.

செயலாளர் சார் என்னைப் பேசச் சொன்னதும் சிலர் நான் பேங்கில் இருந்தவன் என்று நினைத்திருக்கலாம். இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் முப்பது வருஷம் பர்ச்சேஸ் பார்த்தவன். போல்ட்டுக்கும் நட்டுக்கும் கால் ரூபாய் குறைக்க மணிக்கணக்கில் பேரம் பேசியவன். அப்படிப்பட்ட நான் பினாங்கில் ஒரு ராத்திரி முட்டாளாக நின்றேன். அந்தக் கதையை லிஃப்டில் சொன்னபோதுதான் சார் பிடித்துக்கொண்டார். நம் காட்டுப்பாக்கத்தில் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் பிள்ளை வெளிநாட்டில். பேரன் பிறந்தால் ஆறு மாதம் அங்கே போய் இருக்கிறோம். யார் யாரோ விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் வழி சொல்கிறார்கள். கையில் கொண்டு போகும் பணத்தைப் பற்றி மட்டும் ஒருவரும் வாயைத் திறப்பதில்லை.

முதலில் பினாங்குக் கதை. நானும் வீட்டம்மாவும் சிங்கப்பூரில் மகள் வீட்டில் இருந்தோம். நடுவில் நாலு நாள் நாங்கள் இருவர் மட்டும் பினாங்கு போனோம். இரண்டாம் நாள் ராத்திரி அவளுக்கு வாந்தி, மயக்கம். பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்கில் டிரிப் போட 600 ரிங்கிட் முன்பணம் கேட்டார்கள். என் கையில் 90 ரிங்கிட். கார்டை நீட்டினேன், எடுக்கவில்லை. இன்னொரு கார்டு, அதுவும் எடுக்கவில்லை.

ரிசர்வ் வங்கி விதிப்படி 2020 முதல் புதிதாகக் கொடுக்கும் கார்டுகள் இந்தியாவுக்குள் மட்டும்தான் வேலை செய்யும். வெளிநாட்டில் வேலை செய்ய வேண்டுமென்றால் நாமே ஆப்பில் போய் அந்த வசதியை ஆன் செய்ய வேண்டும். எனக்கு அது தெரியாது. சரி, அப்போதே ஆன் செய்யலாம் என்று ஆப்பைத் திறந்தால், சென்னை சிம் போனில் இல்லை என்று ஆப் திறக்கவே மறுத்தது. சிம்மைக் கழற்றி ஒரு மருந்து டப்பாவில் போட்டு ஹோட்டலில் வைத்திருந்தேன். போய் எடுத்து வந்து போட்டாலும் ரோமிங் போட்டிருக்கவில்லை.

பர்ஸில் இந்திய நோட்டு 20,000 ரூபாய் இருந்தது. ஒருவர் 25,000 வரை வெளியே கொண்டு போகலாம், ஊர் திரும்பும்போது டாக்ஸிக்கு ஆகட்டும் என்று வைத்திருந்தது. ஓடினேன். திறந்திருந்த ஒரே ஒரு நாணயமாற்றுக் கடையில் கொடுத்தேன். அன்றைய விலைக்கு ஆயிரம் ரிங்கிட்டுக்குப் பக்கமாக வந்திருக்க வேண்டும். 800 கொடுத்தார். வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் ஓடிவந்தேன். அம்மா தெளிந்துவிட்டாள், இதோ முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். கேட்டுப்பாருங்கள், அந்த 200 ரிங்கிட்டை இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

ஊருக்கு வந்ததும் பழைய பர்ச்சேஸ்காரன் விழித்துக்கொண்டான். அந்தப் பயணத்தில் ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு போனது என்று ஒரு நோட்டில் எழுதினேன். பினாங்கு 200 ரிங்கிட் சின்னத் தொகை என்று அப்போதுதான் புரிந்தது. பெரிய தொகை எல்லாம் நிதானமாக, ஏசி அறையில், சிரித்த முகத்தோடு போயிருக்கிறது.

கிழிந்த நோட்டை மாற்றித் தருபவர் வட்டம் பிடிப்பார் என்று நம் ஊரில் சொல்வோம். நூறு ரூபாய்க்குத் தொண்ணூறு தருவார், பத்து ரூபாய் வட்டம். வெளிநாட்டுப் பணமும் அதேதான். ஆனால் இங்கே வட்டம் என்று யாரும் சொல்வதில்லை. ‘கமிஷன் இல்லை’ என்று போர்டே வைத்திருப்பார்கள். உண்மைதான், கமிஷன் இல்லை. ரேட்டிலேயே எடுத்துவிடுவார்கள்.

கணக்குக்கு ஒரு சிங்கப்பூர் டாலரின் நடுவிலை 65 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நடுவிலை என்பது கூகுளில் தேடினால் வருகிற விலை. அந்த விலைக்கு நமக்கு யாரும் தர மாட்டார்கள், ஆனால் அளவுகோல் அதுதான். நமக்கு 1,000 டாலர் வேண்டும், நடுவிலையில் 65,000 ரூபாய். விமானம் ஏறும் அவசரத்தில் ஏர்போர்ட் கவுன்டரில் 71 என்று வாங்கினால் 71,000. வட்டம் 6,000 ரூபாய். நாலு நாள் முன்பே ஊருக்குள் லைசென்ஸ் உள்ள கடையில் 66-க்கு வாங்கினால் 66,000, அதோடு ஜிஎஸ்டி 119 ரூபாய். ஜிஎஸ்டியைக் கண்டு பயப்பட வேண்டாம். ஒரு லட்சம் வரை மாற்றும் தொகையில் ஒரு சதவீதத்தை எடுத்து, அந்த ஒரு சதவீதத்துக்கு மட்டும்தான் 18 சதவீதம் போடுகிறார்கள். குறைந்தபட்சம் 45 ரூபாய்.

ஆகவே கடைக்குப் போன் செய்து ‘ரேட் என்ன?’ என்று கேட்காதீர்கள். ‘ஆயிரம் டாலர் என் கைக்கு வர, எல்லாம் சேர்த்து நான் எவ்வளவு ரூபாய் கட்டணும்?’ என்று கேளுங்கள். மூன்று கடைக்குப் போன் போட்டு இதே கேள்வியைக் கேளுங்கள். முதல் கடையின் ரேட்டை இரண்டாவது கடையில் சொன்னால் இருபது, முப்பது பைசா தானாக இறங்கும். காய்கறிக் கடையில் நம் வீட்டம்மாக்கள் தினமும் செய்கிற வேலைதான். இப்போது வீட்டுக்கே கொண்டுவந்து தருகிற கடைகளும் உண்டு, போரூர் வரைகூட அலைய வேண்டாம். பாஸ்போர்ட், விசா, டிக்கெட், பான் நகல்களைத் தயாராக வையுங்கள். ரொக்கமாக 50,000 ரூபாய் வரைதான் கட்ட முடியும், அதற்கு மேல் பேங்க் வழியாக. பில் கட்டாயம் வாங்குங்கள்.

‘தெரிஞ்ச பையன் ஒருத்தன் இருக்கான், பில் இல்லாம ஒரு ரூபா கம்மியா தருவான்’ என்று போன வாரம் வாக்கிங்கில் ஒருவர் சொன்னார். பெயர் சொல்லவில்லை, அவரும் இங்கேதான் இருக்கிறார். வேண்டாம் சார். ஃபெமா சட்டத்தில் மாட்டினால் மாற்றிய தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் போட முடியும். கள்ள நோட்டு வந்தால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

எந்த நாட்டுப் பணத்தை எங்கே வாங்குவது என்பது அடுத்த விஷயம். சிங்கப்பூர் டாலர், திர்ஹாம், அமெரிக்க டாலர் மூன்றும் சென்னையில் தாராளமாகக் கிடைக்கும். போகிற வருகிறவர்கள் அதிகம், ஆகவே வட்டம் குறைவு. தாய்லாந்து பாட் அப்படி இல்லை. இங்கே வாங்குவதைவிட அமெரிக்க டாலராகக் கொண்டுபோய் பாங்காக்கில் மாற்றுவது பல சமயம் லாபம். அங்கே இரண்டு விஷயம். நூறு டாலர் நோட்டுக்கு ஒரு ரேட், சில்லறை டாலர் நோட்டுக்கு அதைவிடக் குறைந்த ரேட். ஆகவே இங்கே வாங்கும்போதே நூறு, ஐம்பதாகக் கேளுங்கள். நோட்டில் பேனாக் கிறுக்கலோ கிழிசலோ இருந்தால் வாங்க மாட்டார்கள். இன்னொன்று, சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கியதும் கண்ணில் படுகிற கவுன்டரில் மாற்றாதீர்கள். கீழே ரயில் நிலையம் இருக்கும் தளத்துக்கு இறங்குங்கள். அங்கே உள்ள கடைகளில் ரேட் நன்றாக இருக்கும். ஒரே கட்டிடம், எஸ்கலேட்டர் மட்டும்தான் வித்தியாசம்.

ஏர்போர்ட்டில் மாற்றவே கூடாது என்பதற்கு ஒரு விதிவிலக்கு கொழும்பு. கட்டுநாயக்காவில் வெளியே வரும்போது பேங்க் கவுன்டர்கள் வரிசையாக இருக்கும். ஒன்றுக்கொன்று போட்டி, ரேட் ஊருக்குள் கிடைப்பதற்குப் பக்கத்திலேயே இருக்கும். யாழ்ப்பாணம், திரிகோணமலை என்று கோயில் சுற்றப் போகிறவர்கள் தாராளமாக அங்கே மாற்றலாம்.

சிங்கப்பூரில் மாற்ற வேண்டி வந்தால் தேக்காவில் முஸ்தஃபா இருக்கிறது, கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா பக்கம் இருக்கிறது. நம்மவர்களுக்கு இது பரம்பரைத் தொழில். சிங்கப்பூர் ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் சேஞ்ச் ஆலி என்று ஒரு சந்து இருந்தது. கப்பலில் இருந்து இறங்குகிறவர்களுக்கு எந்த நாட்டுக் காசையும் மாற்றிக் கொடுத்த தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். 1989-ல் அந்தச் சந்தை மூடிவிட்டார்கள். அந்தக் காலத்தில் இங்கிருந்து போகிறவர்களுக்கு மாற்ற என்ன இருந்தது என்கிறீர்கள்? அறுபதுகளில் ஊரை விட்டுப் போகும்போது அரசாங்கம் கொடுத்தது எட்டு டாலர். இன்று ஒரு நிதியாண்டுக்கு ஒருவருக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை அனுமதி. அதில் நோட்டாக மட்டும் பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்துக்கு 3,000 டாலர். மீதியைக் கார்டில்தான் கொண்டு போக வேண்டும்.

கார்டுக்கு வருகிறேன். இங்கேதான் என் நோட்டில் சிவப்பு மை அதிகம்.

சாதாரண டெபிட் கார்டு, கிரெடிட் கார்டில் வெளிநாட்டில் செலவு செய்தால் பெரும்பாலான பேங்குகள் மூன்றரை சதவீதம் மார்க்அப் போடுகின்றன. அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. இரண்டும் சேர்த்து 4.13 சதவீதம். அதே ஆயிரம் டாலருக்கு 2,684 ரூபாய். மார்க்அப் இல்லாத கார்டுகள் இப்போது வந்திருக்கின்றன. எந்த பேங்க் என்று நான் சொல்ல மாட்டேன், இன்று இருப்பது நாளை மாறும். பிள்ளைகளை விட்டுக் கட்டணப் பட்டியலைப் படிக்கச் சொல்லுங்கள். ஃபாரெக்ஸ் கார்டு என்று பணம் நிரப்பித் தருவார்களே, அது நல்லதுதான். ஆனால் அமெரிக்க டாலர் நிரப்பிய கார்டை மலேசியாவில் தேய்த்தால் டாலரில் இருந்து ரிங்கிட்டுக்கு இன்னொரு வட்டம் போகும். எந்த நாடோ அந்த நாட்டுப் பணத்தை நிரப்ப முடிந்தால் மட்டும் லாபம்.

இப்போது சொல்வதைத் தயவுசெய்து கவனியுங்கள். வெளிநாட்டுக் கடையில் கார்டைத் தேய்த்ததும் மெஷினில் ஒரு கேள்வி வரும். ரூபாயில் கட்டுகிறீர்களா, அந்த ஊர்ப் பணத்திலா என்று. ரூபாயைப் பார்த்ததும் நமக்கு அம்மாவைப் பார்த்த மாதிரி இருக்கும். நானும் மகளுக்கு நகை வாங்கும்போது ரூபாயைத்தான் அமுக்கினேன். கடைக்காரப் பெண்ணும் ‘உங்களுக்கு வசதியா இருக்கும் அங்கிள்’ என்று சொன்னாள். வசதி யாருக்கு என்றால், மாற்றிக் கொடுக்கும் கம்பெனிக்கும் கடைக்கும். அவர்கள் போடுகிற ரேட்டில் ஐந்து, ஆறு சதவீதம்கூடப் போய்விடும். சில பேங்குகள் அதற்கு மேலும் ஒரு கட்டணம் போடுகின்றன. எந்த நாட்டில் நிற்கிறீர்களோ அந்த நாட்டுப் பணத்தை அமுக்குங்கள். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும். அவர்கள் மாற்றித் தருவதை வேண்டாம் என்று அமுக்கினால் பணம் வராமல் போய்விடுமோ என்று பயம் வரும். வரும், பயப்படாதீர்கள்.

ஏடிஎம்மில் இன்னொரு விஷயம், தடவைக்கு இவ்வளவு என்று கட்டணம். தாய்லாந்தில் வெளிநாட்டுக் கார்டுக்குப் பெரும்பாலும் ஒரு தடவைக்கு 220 பாட் எடுத்து வந்தார்கள். பாட் இரண்டரை ரூபாய் என்றால் 550 ரூபாய். நம் பேங்க் தனியாக நூற்றைம்பது ரூபாய் அளவில் எடுக்கும். 2,000 பாட்டாக ஐந்து தடவை எடுத்தால் ஐந்து தடவையும் போகும். 10,000-ஐ ஒரே தடவையில் எடுத்து ஹோட்டல் லாக்கரில் வையுங்கள். ஐரோப்பாவில் டூரிஸ்ட் இடங்களில் கடைகளுக்கு நடுவே பளிச்சென்று தனியாக நிற்கும் மெஷினை விட்டுவிட்டு, பேங்க் வாசலில் இருக்கும் மெஷினுக்குப் போங்கள். கிரெடிட் கார்டைப் போட்டு மட்டும் எங்கேயும் ரொக்கம் எடுக்காதீர்கள், எடுத்த நாளில் இருந்தே வட்டி ஓடும்.

யுபிஐ பற்றி மூன்று பேர் ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தீர்கள். இலங்கை, மொரீஷியஸ் இரண்டிலும் 2024 பிப்ரவரியில் வந்தது. பூட்டான், நேபாளம், சிங்கப்பூர், அமீரகத்திலும் பல கடைகளில் வேலை செய்கிறது. ஆனால் ஆப்பில் வெளிநாட்டு வசதியைத் தனியாக ஆன் செய்ய வேண்டும், எல்லா க்யூஆரும் எடுக்காது. பணம் போகும் முன் ரூபாய்க் கணக்கு திரையில் வரும். நடுவிலையோடு ஒப்பிட்டுவிட்டு அமுக்குங்கள். அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

‘மகன் அங்கே கொடுக்கட்டும், நான் இங்கே அவன் கணக்கில் போட்டுவிடுகிறேன்’ என்பது இன்னொரு கேள்வி. மகன் அப்பா அம்மாவுக்குச் செலவு செய்வது அவன் பிரியம். அதைக் கணக்குப் பார்த்து இங்கே நேர் செய்வது வேறு விஷயம். உங்கள் ஆடிட்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். டிசிஎஸ் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 2025 ஏப்ரல் முதல், ஒரு நிதியாண்டில் வாங்கும் வெளிநாட்டுப் பணம் 10 லட்சத்தைத் தாண்டினால்தான் பிடிப்பார்கள். டூர் பேக்கேஜுக்கு விதி வேறு.

இப்போது நாங்கள் எப்படிப் போகிறோம்? போன தடவை சிங்கப்பூருக்கு 600 டாலர் நோட்டாக இங்கேயே வாங்கினோம். மார்க்அப் இல்லாத கார்டு ஒன்று என்னிடம், வேறு பேங்க் கார்டு ஒன்று வீட்டம்மாவிடம், தனித்தனிப் பையில். இரண்டிலும் வெளிநாட்டு வசதியைக் கிளம்பும் முன்பே ஆன் செய்து, தினசரி வரம்பையும் குறைத்து வைத்தேன். சென்னை சிம்மில் ரோமிங், பேச இல்லை, ஓடிபி வர. நூறு அமெரிக்க டாலர் நோட்டு இரண்டு அவள் கைப்பையின் அடியில், ஆஸ்பத்திரிக்கென்று. நல்லவேளை, தொடவில்லை.

மிச்சப் பணம் பற்றி இ பிளாக் மேடம் கேட்கிறார். திரும்பி வந்தபின் 2,000 டாலர் மதிப்பு வரை வெளிநாட்டு நோட்டை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் இருந்தால் 180 நாளுக்குள் பேங்கிலோ கடையிலோ கொடுத்துவிட வேண்டும். விற்கும்போது ஒரு வட்டம் போகும், ஆகவே அடுத்த வருஷம் திரும்பப் போகிறீர்கள் என்றால் விற்காதீர்கள். சில்லறைக் காசை இங்கே எந்தக் கடையும் வாங்காது. கிளம்பும் நாளில் அங்கேயே செலவு செய்துவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய இருக்கிறது. யாராவது மலேசியா போகிறீர்கள் என்றால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். நடுவிலைக்கே தருகிறேன்.

டீ வந்துவிட்டது. மற்ற கேள்விகளை அங்கே கேளுங்கள்.