நம் வீட்டில் விற்கப்படுவது எது?

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை ஒட்டி, இஷா தொழுகைக்குப் பின் நடைபெற்ற குடும்ப நல நிகழ்ச்சியில் பள்ளிவாசல் தலைமை இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் வல்ல அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

எனக்கு அளிக்கப்பட்டுள்ள தலைப்பு "தொலைக்காட்சியும் நம் இல்லமும்" என்பதாகும். சென்னைத் தூர்தர்ஷன் தன் ஒளிபரப்பைத் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15 அன்று. இப்பெட்டியை வீட்டில் வைப்பது கூடுமா, கூடாதா என்னும் வினா நம் மஹல்லாக்களில் நெடுங்காலம் பேசப்பட்டது. 2006 முதல் 2011 வரை தமிழக அரசு வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட இல்லங்களைச் சென்றடைந்தன. இன்றோ ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒரு திரை இருக்கின்றது. திரையில் காணத் தகாதவை எவை என்பதை ஜும்ஆ பயான்களில் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். இன்று அதே பொருளை வேறொரு வாசல் வழியாக அணுக விழைகின்றேன். அது வியாபாரத்தின் வாசல். நம் ஜமாஅத்தாருள் பலர் வணிகர்கள். ஆதலின் இது எளிதில் விளங்கும்.

வாங்கல் விற்றலைப் பற்றி ஃபிக்ஹு நூல்கள் கூறும் அடிப்படை யாது? விற்பவர் வேண்டும், வாங்குபவர் வேண்டும், பொருள் இன்னது, விலை இன்னது என்பது தெளிவாக இருக்க வேண்டும், இரு தரப்பாரின் மனப்பொருத்தமும் வேண்டும். இந்த அளவுகோலைத் தொலைக்காட்சியின் மீது வைத்துப் பாருங்கள். நிகழ்ச்சியை நமக்கு விற்கிறார்கள் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். விற்பவர் அலைவரிசைக்காரர் என்பது மெய்யே. ஆனால் பெரும்பணம் கொடுத்து வாங்குபவர் விளம்பரம் தரும் நிறுவனத்தார். அவர்கள் வாங்கும் பொருள் நிகழ்ச்சியன்று. நாம் திரையை நோக்கி அமர்ந்திருக்கும் நேரம். எத்தனை பேர் பார்க்கின்றனர் என்பதைக் கணக்கிட்டே விலை பேசப்படுகின்றது. ஆக, கூடத்தில் அமர்ந்திருக்கும் நாமும் நம் பிள்ளைகளுமே அந்தச் சந்தையின் சரக்கு.

இது மிகையன்று. 2023 முதல் 2027 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கு ஐ.பி.எல். கிரிக்கெட் போட்டிகளை ஒளிபரப்பும் உரிமை, 2022-இல் நடந்த ஏலத்தில் 48,390 கோடி ரூபாய்க்குப் போயிற்று. எந்த வணிகரும் நட்டப்படுவதற்காக இவ்வளவு பணத்தைக் கொட்டமாட்டார். அதில் பெரும்பகுதியை விளம்பரத்தின் மூலம் மீட்க வேண்டும். விளம்பரம் தருபவரோ அச்செலவைச் சோப்பின் விலையிலும் குளிர்பானத்தின் விலையிலும் சேர்த்துவிடுகின்றார். இலவசமாகப் பார்த்தோம் என்று நாம் மகிழ, மளிகைக் கடையில் அதன் விலையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். தாய்மார்களின் தொடர்களை மட்டும் பழித்துப் பேசும் ஆண்கள் இதனையும் சிந்திக்க வேண்டும்.

அடுத்து நேரத்தின் கணக்கு. ஒரு மணி நேர ஒளிபரப்பில் விளம்பரத்திற்கு 10 நிமிடம், அலைவரிசையின் சொந்த அறிவிப்புகளுக்கு 2 நிமிடம் என்று கேபிள் தொலைக்காட்சி விதிகளில் வரம்பு வகுக்கப்பட்டது. அவ்வரம்பை நடைமுறைப்படுத்த ஒழுங்குமுறை ஆணையம் முற்பட்டபோது, 2013-இல் ஒளிபரப்பாளர்கள் நீதிமன்றம் சென்றனர். அந்த 12 நிமிடத்தையே வைத்துக்கொள்வோம். நாள்தோறும் மூன்று மணி நேரம் பார்க்கும் ஒருவர், 36 நிமிடத்தை விளம்பரத்திற்கும் அறிவிப்புக்கும் மட்டும் அளிக்கின்றார். ஓராண்டில் இது 219 மணி நேரம். அதாவது ஒன்பது இரவும் ஒன்பது பகலும் கடந்து மேலும் மூன்று மணி நேரம். ரமளானின் இறுதிப் பத்தில் இஃதிகாஃப் இருக்க நாள் ஒழியவில்லை என்கிறோமே, அந்நாட்கள் எங்கே போயின என்பது இப்போது விளங்குகின்றதல்லவா? அமெரிக்காவில் 1941 ஜூலை 1 அன்று ஒளிபரப்பான முதல் தொலைக்காட்சி விளம்பரம் பத்து வினாடிதான் நீடித்தது. அது ஒரு கைக்கடிகார விளம்பரம்! காலத்தைக் காட்டும் கருவியை விற்கத் தொடங்கியவர்கள், நம் காலத்தையே எடுத்துக்கொண்டார்கள்.

"ஐயா, விளம்பரம் வந்தால் மாற்றிவிடுவோம்" என்று இளைஞர்கள் கூறக்கூடும். அதன் வரலாற்றையும் கேளுங்கள். 1955-இல் அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம் கம்பியில்லாத ரிமோட் கருவியை வெளியிட்டபோது, விளம்பரத்தின் ஓசையை அடக்கலாம் என்பதையே அதன் சிறப்பாகச் சொல்லி விற்றது. பின்னர் வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த வீடியோ டெக்கில், வேண்டாததை ஓட்டித் தள்ளிப் பார்த்தோம். அதன்பின் சந்தா கட்டினால் விளம்பரமே இல்லை என்று ஓடிடி தளங்கள் வந்தன. இன்று நிலை என்ன? நெட்ஃபிளிக்ஸ் 2022 நவம்பரில் சில நாடுகளில் விளம்பரத்துடன் கூடிய திட்டத்தைத் தொடங்கிற்று. அமேசான் பிரைம் வீடியோ 2025 ஜூன் 17 முதல் இந்தியாவில் விளம்பரங்களைச் சேர்த்தது. அவை வேண்டாமெனில் கூடுதல் கட்டணம். கருவி எத்தனை மாறினும் விளம்பரம் திரும்பி வந்துவிடுகின்றது. ஆகவே கருவி நம்மைக் காக்காது. நம் கட்டுப்பாடே நம்மைக் காக்கும்.

அன்பர்களே! விளம்பரம் செய்வது முற்றிலும் தவறு என்று நான் கூறவில்லை. தன் சரக்கின் நலத்தை உள்ளபடி எடுத்துச் சொல்ல வணிகருக்கு உரிமை உண்டு. குற்றம் எங்கே பிறக்கின்றது? நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்ததென்று வணிகர் கூற, அதை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என வினவி, ஏமாற்றுபவரைத் தம்மைச் சார்ந்தவராகக் கொள்ள இயலாது என்று எச்சரித்தார்கள். இந்த நிகழ்ச்சியை நாம் அனைவரும் அறிவோம். திரையில் தெரியும் ஒவ்வொரு குவியலுக்குள்ளும் நாம் கையை விட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டு எடுத்துக்காட்டுகள் கூறுகின்றேன். வட்டியே இல்லாத தவணை என்று திரையில் கூவி விற்கிறார்கள். வட்டிக்கு அஞ்சும் நம் மக்களும் நம்பிப் போகிறார்கள். 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கிரெடிட் கார்டு நிலுவைகளுக்கான இத்தகைய பூஜ்ய வட்டித் திட்டங்களில், வட்டியானது செயற்பாட்டுக் கட்டணம் என்ற பெயரில் பெரும்பாலும் மறைக்கப்படுவதை வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது. மேலே காய்ந்த தானியம், உள்ளே ஈரம்!

மற்றொன்று, நம் பெண்மக்களின் கண்ணீரோடு தொடர்புடையது. சிவந்த நிறமே அழகு, அதுவே வேலைக்கும் திருமணத்திற்கும் வழி என்று முகப்பூச்சு விளம்பரங்கள் பல்லாண்டுகள் ஓதின. 1975-இல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020-இல்தான் சிவப்பழகைக் குறிக்கும் சொல்லைத் தன் பெயரிலிருந்து நீக்கியது. பெயர் போயிற்று, நம் உள்ளத்தில் படிந்தது போயிற்றா? பெண் பார்க்கச் செல்லும் வீடுகளில் மார்க்கப்பற்றைக் கேட்குமுன் நிறத்தைக் கேட்கிறோம். வெள்ளையருக்குக் கறுப்பரைவிட மேன்மை இல்லை என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்துச் சென்ற சமுதாயம், தன் மகளின் மதிப்பை விளம்பரக்காரரிடம் கேட்டறியலாமா?

இன்னொரு புதுமையும் உண்டு. இணையத்தோடு இணைந்த ஸ்மார்ட் டிவியை நாம் பார்க்கிறோம். அதுவும் நம்மைக் கவனிக்கின்றது. அமெரிக்காவில் விசியோ என்னும் நிறுவனம், 1 கோடியே 10 இலட்சம் பெட்டிகளின் வழியே, மக்கள் பார்ப்பவற்றை வினாடிக்கு வினாடி சேகரித்து, அவர்களின் சம்மதமின்றி விற்றது என்ற குற்றச்சாட்டில் 2017-இல் 22 இலட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. பிறர் வீட்டினுள் அனுமதியின்றி எட்டிப் பார்ப்பதை மார்க்கம் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கின்றது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

இனி நாம் செய்ய வேண்டியவை. ஒன்று: மஃரிப் பாங்கு முதல் இஷா தொழுகை முடியும்வரை வீட்டில் எல்லாத் திரைகளும் அணைந்திருக்கட்டும். தந்தையின் கைப்பேசியும் இதில் அடங்கும். தாம் பார்த்துக்கொண்டே பிள்ளையைக் கண்டிப்பவரின் சொல் ஏறாது. இரண்டு: விளம்பரம் ஓடும்போது பிள்ளைகளிடம், "இதில் எதைச் சொல்லாமல் விட்டார்கள்?" என்று கேளுங்கள். நாலு முறை கேட்டால் ஐந்தாம் முறை அவர்களே சொல்வார்கள். மூன்று: திரையில் கண்டு ஆசைப்பட்ட பொருளை ஒரு வாரம் கழியாமல் வாங்குவதில்லை என்று நிய்யத் செய்யுங்கள், ஆசைகளில் பல அதற்குள் அடங்கிவிடும். நான்கு: டிவியின் அமைப்புகளுக்குள் சென்று, பார்ப்பவற்றைச் சேகரிக்கும் அனுமதியையும், அடுத்த காட்சி தானே ஓடுவதையும் நிறுத்திவிடுங்கள், தெரியாதவர்களுக்கு நம் இளைஞர்கள் செய்து கொடுக்கட்டும், அதுவும் ஒரு கித்மத். ஐந்து: பொய் விளம்பரத்தால் ஏமாற்றப்பட்டால் வாளாவிராதீர்கள். 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். தவறான விளம்பரங்களைத் தடுக்க 2022 ஜூனில் வழிகாட்டு நெறிகளும் வெளியிடப்பட்டுள்ளன.

நம் ஆயுளை எவ்வாறு கழித்தோம், பொருளை எவ்வழியில் செலவிட்டோம் என்று மறுமையில் வினவப்படும். அன்று விளம்பரதாரர் எவரும் நமக்காக விடை கூறமாட்டார். நம் நேரத்திலும் பொருளிலும் பிள்ளைகளிலும் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.